புதுப்பிப்பு: அரிசி டின்னில் இருந்த பத்திரம்

சொத்தின் பதிவு விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான், அம்மா 2021-லேயே வீட்டைத் தம்பி பெயருக்கு தான செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் எழுதிக் கொடுப்பது) செய்தது தெரிந்தது என்று எழுதியிருந்தேன் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய்விட்டு வந்தேன்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கேட்டதும் கை நிற்கவில்லை. "சொன்னா நீ இங்க வர்றதையே விட்டுடுவியோன்னு பயந்தேன்டி" என்றார். தம்பிக்குக் கடன் நெருக்கடியாம். அப்புறம் அரிசி டின்னுக்குள் கைவிட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். மேலெல்லாம் தவிட்டு வாசனை.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தப்படி மகளுக்கும் பங்கு உண்டே என்று சிலர் கேட்டீர்கள். அது பூர்வீகச் சொத்துக்கு. இது அம்மா தன் சம்பளத்தில் வாங்கிய வீடு, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். என் கவலை வேறு. பிள்ளை கவனிக்காவிட்டால் மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23-இன் கீழ் ரத்து கேட்கலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும். இந்தப் பத்திரத்தில் "அன்பின் பேரில்" என்பதோடு சரி. அம்மா கடைசிவரை அங்கே குடியிருக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை!

அதையாவது எழுதிக் கொடு என்று தம்பிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை.

கிளம்பும்போது அம்மா பாதிக் கீரையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.