சின்ன பிளாட்டில் தாத்தாவின் காட்டெருமைத் தலை: மாட்டுவதா, ஒப்படைப்பதா?

ஆனைமலையான்:
பொள்ளாச்சி வீட்டை விற்றாகிவிட்டது, அப்பா அம்மாவைப் பெங்களூருக்கு என்னோடு அழைத்து வருகிறேன். என் பிளாட் இரண்டு படுக்கையறை, ஹால் பத்துக்குப் பதினாறு, சாப்பாட்டு மேசையும் அதற்குள்தான். தாத்தா வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் இருந்தவர். அறுபதுகளில் லைசென்ஸ் எடுத்துச் சுட்ட ஒரு காட்டெருமை, தலையிலிருந்து தோள்வரை பாடம் செய்து வைத்தது, மைசூர் வான் இங்கென் பட்டறை வேலை. கூடவே பலகையில் பதித்த கடமான் கொம்பு இரண்டு ஜோடி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் தாத்தா பதிவு செய்து சான்றிதழ் வாங்கிவிட்டார், அவருக்குப் பிறகு அது முறைப்படி அப்பா பெயருக்கு வந்தது. அப்பா அந்தத் தலை இல்லாமல் வரமாட்டேன் என்கிறார். என் மனைவி அது வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறாள். இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அளந்து பார்த்தேன், மூக்கு நுனி சுவரிலிருந்து மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே நிற்கிறது. இந்த இடத்தில் இதை மாட்ட வழி இருக்கிறதா, மாட்டத்தான் வேண்டுமா, இரண்டையும் சொல்லுங்கள்.

செங்கல்சுவர்:
வழியை மட்டும் சொல்கிறேன், வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். பிளாட்டுகளில் உள்சுவர் பெரும்பாலும் நாலங்குல பிளாக், புதுக் கட்டடம் என்றால் எடை குறைந்த ஏஏசி பிளாக். அதில் பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்கி இதை மாட்டினால் ஒருநாள் சுவரோடு பெயர்ந்து வரும். எடை மட்டும் பிரச்சினை இல்லை. எடை சுவரை விட்டுத் தள்ளி நிற்பதால் மேல் ஸ்க்ரூவை எப்போதும் வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். கான்கிரீட் தூணிலோ பீமிலோ ஆங்கர் போல்ட் போட வேண்டும், இல்லையென்றால் சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு கொடுத்து முடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் உயரம். உங்கள் பழைய வீட்டில் கூரை பன்னிரண்டு பதிமூன்றடி இருந்திருக்கும். இங்கே ஒன்பதரை. அடியில் ஆள் நடக்க ஆறரை அடி விட்டால் மிச்சம் மூன்றடி, தோளோடு சேர்த்துக் கொம்புவரை நாலடியாவது இருக்கும், அது அங்கே நுழையாது. ஆக, தாழ்வாகத்தான் மாட்ட முடியும், அடியில் யாரும் நடக்காதபடி ஒரு நீள அலமாரி போட்டு. ஹாலில் ஒரு மூலை மொத்தமாகப் போகும். மான் கொம்பு பலகை அப்படி இல்லை, நடையின் கடைசிச் சுவரில் உயரமாக வைத்தால் யாருக்கும் தட்டாது.

பழம்பொருள் பித்தன்:
ஒரு மூலை போகட்டுமே! டிவிக்கு ஒரு சுவர் முழுக்கக் கொடுக்கிறோம், ஷோகேஸில் யாரோ கொடுத்த பரிசுக் கோப்பைகளுக்கு இடம் கொடுக்கிறோம், தாத்தா விட்டுப்போன ஒரே பொருளுக்கு இடம் இல்லையா? வான் இங்கென் வேலை என்றால் சாதாரணம் இல்லை. வைக்கோல் திணித்த பொம்மை அல்ல அது. காகிதக்கூழ் அச்சில் தசையின் மேடு பள்ளம் எல்லாம் வடித்து, அதன்மேல் தோலைப் போர்த்தி, கண்ணைச் சுற்றி ஈரம் இருப்பதுபோல வண்ணம் தீட்டியிருப்பார்கள். அப்பா தொடங்கியதைப் பிள்ளைகள் எடுத்து நடத்திய பட்டறை, 1999இல் மூடிவிட்டார்கள். இனி அந்தக் கைவேலை வராது. சுவர் நிறத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக, பச்சையோ பழுப்போ அடித்து, மற்ற எல்லாவற்றையும் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, மேலிருந்து ஒரே ஒரு விளக்கு கொடுங்கள். சின்ன அறையில் பத்துப் பொருள் வைத்தால்தான் நெரிசல், ஒரு பெரிய பொருள் வைத்தால் அந்த அறைக்கு ஒரு முகம் கிடைக்கும்.

குறிஞ்சிநிலம்:
பித்தன் அண்ணா சொல்லும் முகம்தான் எனக்குப் பிரச்சினை. பங்களாவில் பதினாலடி உயரத்தில், படிக்கட்டுக்கு மேலே இருந்தபோது அதற்கும் மனிதர்களுக்கும் நடுவே தூரம் இருந்தது. பத்தடி அகல ஹாலில், தாழ மாட்டினால், சாப்பிட உட்காருகிறவர் கண்ணுக்கு நேரே அந்தக் கண்ணாடிக் கண் இருக்கும். இடம் குறையக் குறைய அது அலங்காரமாக இல்லாமல் கூடவே குடியிருக்கிற பிணமாகிவிடும். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும், ஆனால் அவர் மனைவி சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன், அதை இங்கே யாரும் காதில் வாங்கவில்லை.

காட்டெருமை ஒன்றும் அழிந்துபோன விலங்கு இல்லை. வால்பாறையில் சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து ஓரம் நின்றால் மந்தையாகப் பார்க்கலாம், குன்னூரிலும் கொடைக்கானலிலும் தெருவுக்கே வருகிறது. வளர்ந்த கடா ஆயிரம் கிலோவரை இருக்கும். அவ்வளவு பெரிய உயிரைத் தோளோடு வெட்டி ஹாலில் வைத்துத்தான் தாத்தாவை நினைக்க வேண்டுமா? அவர் கையெழுத்து, எஸ்டேட் நோட்டு, அவர் நின்ற புகைப்படம் எதுவும் இல்லையா?

பழம்பொருள் பித்தன்:
அந்தக் காலத்தை இன்றைய கண்ணால் பார்க்கிறீர்கள் தங்கச்சி. நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர்கள்தான் சங்கம் வைத்தார்கள், 1879இல் சட்டம் வந்தது, எந்த மாதம் சுடக்கூடாது, எதைச் சுடக்கூடாது என்ற கட்டுப்பாடே அவர்களால் வந்தது. வரையாடு மிஞ்சியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. இவர் தாத்தா திருட்டு வேட்டை ஆடவில்லை, பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினார், சட்டம் மாறியதும் போய்ப் பதிவு செய்தார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குறிஞ்சிநிலம்:
வெட்கப்படச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாடு அடுத்த வருஷமும் சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்பதற்காக வந்தது, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். 1968இல் முதுமலை, பந்திப்பூர்ப் பக்கம் மாட்டு வெக்கை நோய் வந்து காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதே அறுபதுகளில்தான் லைசென்ஸும் ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா நல்லவராக இருந்திருக்கலாம், அவர் பேரன் அதை இன்று சுவரில் ஏற்றுவது வேறொரு முடிவு, அதற்குப் பொறுப்பு பேரனுக்குத்தான்.

காட்டிலாகா மகள்:
சண்டைக்கு நடுவே ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இவர் மாநிலம் மாறுகிறார். சான்றிதழ் இருந்தாலும் தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகாவுக்குக் கொண்டுபோனால் 30 நாளுக்குள் அங்குள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்கோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும், சட்டத்தின் 43ஆம் பிரிவு. கிளம்பும் முன் பொள்ளாச்சியிலும் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி, சான்றிதழ் நகலோடு வண்டியில் வையுங்கள். செக்போஸ்ட்டில் பேக்கர்ஸ் டிரைவரை மாட்டிவிடாதீர்கள். 2023 அக்டோபரில் பெங்களூருவில் டிவி நிகழ்ச்சிப் போட்டியாளர் ஒருவரைப் புலிநகப் பதக்கம் போட்டதற்காகக் கைது செய்தார்கள், அதன்பிறகு கர்நாடகாவில் இந்த விஷயத்தில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

கொம்புக்கும் இதே கதைதான். மான் வருஷா வருஷம் கொம்பை உதிர்க்கிறது, கீழே கிடந்ததுதானே என்று நினைக்கிறார்கள், உதிர்ந்த கொம்பும் அரசு சொத்துதான். உங்கள் இரண்டு ஜோடியும் சான்றிதழில் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மியூசியம்காரன்:
எனக்கு வேறு கவலை. அந்தக் காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த சோப்போ பொடியோ தடவுவது உலகம் முழுக்க வழக்கம். அது ஆவியாகிப் போகாது, முடியிலும் தூசியிலும் அப்படியே இருக்கும். பெரிய வீட்டில் யாரும் தொடாத உயரத்தில் இருந்தவரை ஆபத்து குறைவு. தாழ்வாக, சாப்பாட்டு மேசைக்கு ஐந்தடி தூரத்தில், மேலே ஃபேன் ஓடும் அறையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தைகள் இருந்தால் இன்னும் மோசம், போய்த் தடவிப் பார்க்காத குழந்தை கிடையாது. பரிசோதனை செய்து இல்லை என்று தெரியும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும்போது கையுறை, மாஸ்க் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் முடி போகும் திசையில் மட்டும், பால்கனியில் வைத்துச் செய்யுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரால் இழுத்தால் நுண்தூசி பின்பக்கம் வழியாக அறைக்குள்ளேயே திரும்ப வந்துவிடும். வெயில் படும் சுவர் வேண்டாம், தோல் வெடிக்கும், ஏசி காற்று நேராக அடித்தாலும் காதோரம் வெடிக்கும். கொம்பும் மண்டையோட்டுத் துண்டும் மட்டும் உள்ள பலகையில் தோல் இல்லை, தொந்தரவு மிகக் குறைவு.

ஆனைமலையான்:
எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஆறு வயதில் ஒரு பையன், நாலு வயதில் ஒரு பெண். மியூசியம்காரர் சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், பேச்சு அதோடு முடிந்தது. கொம்பு இரண்டும் சான்றிதழில் இருக்கின்றன. அப்பாவோ அப்படியானால் தலையை மலையில் ஏதாவது கிளப்புக்குக் கொடுத்துவிடலாம், அங்கே மற்ற தலைகளோடு கௌரவமாக இருக்கும் என்கிறார். வனத்துறையிடம் கொடுத்தால் எரித்துவிடுவார்கள் என்று பயம். அசாமில் 2021 செப்டம்பரில் 2,479 காண்டாமிருகக் கொம்புகளை அடுக்கி எரித்ததை டிவியில் பார்த்திருக்கிறார்.

காட்டிலாகா மகள்:
அசாமில் எரித்தது அரசுக் கருவூலத்தில் சேர்ந்திருந்த கொம்புகள், அதில் மருந்துக் குணம் எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக. அதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஆனால் கிளப்புக்குக் கொடுப்பது நடக்காது. 2003 திருத்தத்துக்குப் பிறகு இதெல்லாம் வாரிசு வழியாக மட்டும்தான் கைமாறலாம், அதையும் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். விற்பது அறவே கூடாது. 2022 திருத்தத்தில் 42ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், விருப்பப்பட்டால் சான்றிதழோடு ஒப்படைக்கலாம், இழப்பீடு கிடையாது, பொருள் அரசு சொத்தாகிவிடும். கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே பாடம் செய்த காட்டெருமை ஏற்கெனவே உண்டு. அங்கே வைப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தரமுடியாது, ஒப்படைக்கும் கடிதத்தில் அப்பா கையால் எழுதிக் கேட்கலாம். அதையும் மாநிலம் மாறுவதற்கு முன்னால் செய்யுங்கள்.

பழம்பொருள் பித்தன்:
குழந்தைகள் இருக்கும் வீட்டில் தாழ மாட்டச் சொல்லமாட்டேன். ஆனால் ஒப்படைத்தால் திரும்ப வராது சார். பெரிய வீட்டில் இருக்கும் சித்தப்பா, அத்தை யாராவது உங்கள் தாத்தாவின் வாரிசாக இல்லையா என்று முதலில் பாருங்கள். அப்பா வயதில் ஒருவருக்கு வீடு போய், ஊர் போய், இதுவும் போவது எப்படி இருக்கும் என்று இங்கே யாரும் யோசிக்கவில்லை.

குறிஞ்சிநிலம்:
யோசித்தேன். அதனால்தான் கொம்புப் பலகையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டேன். அதில் ஒன்றை அவர் அறையிலேயே, அவர் கட்டிலிலிருந்து தெரிகிற மாதிரி மாட்டுங்கள், பக்கத்தில் தாத்தா படம். சித்தப்பா வீட்டுக்குத் தலையை அனுப்புவது பிரச்சினையை இன்னொரு மருமகள் தலையில் கட்டுவது, அதற்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஆனைமலையான்:
அத்தை குன்னூரில் இருக்கிறார், பழைய வீடு, உயரக் கூரை. அப்பா இருக்கும்போதே அத்தை பெயருக்கு மாற்ற முடியுமா என்று திங்கட்கிழமை வன அலுவலகத்தில் கேட்கிறேன், அத்தை வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் இருந்தால் மட்டும். முடியாது என்றால் காஸ் மியூசியத்துக்குக் கேட்டு எழுதிக் கொடுப்பதாக அப்பா அரைமனதோடு சொல்லியிருக்கிறார். கொம்பு இரண்டும் பெங்களூர் வருகின்றன.

செங்கல்சுவர்:
அப்பா அறைச் சுவர் எது, தூண் எந்த மூலையில் வருகிறது என்று பில்டர் கொடுத்த பிளானைப் பார்த்துப் போடுங்கள். கொம்புப் பலகைக்கு ஏஏசி சுவரிலும் அதற்கென்றே வரும் நீள பிளக் இரண்டு போதும், ஆனால் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே மட்டும் மாட்டாதீர்கள். எதிர்ச் சுவரில் மாட்டுங்கள்.