ஜாக் கார்டிஃப் இயக்கப் போனது வீண்தானே?

ஒளித்துளி:
'பிளாக் நார்சிசஸ்' (1947) ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் வாங்கிய ஆங்கிலேயர் ஜாக் கார்டிஃப், 1950களின் கடைசியில் இயக்குநராகிவிட்டார். அப்படியொரு கண்ணை வைத்துக்கொண்டு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளை வீணடித்தார் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பழையசுருள்:
எதை வைத்து வீண் என்கிறீர்கள்? 1960இல் அவர் இயக்கிய 'சன்ஸ் அண்ட் லவ்வர்ஸ்' இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டே 'ஃபேனி' ஒளிப்பதிவுக்கு இன்னொரு பரிந்துரை. கேமராவுக்கு அவர் முழுக்குப் போட்டுவிடவில்லை.

ஒளித்துளி:
'சன்ஸ் அண்ட் லவ்வர்ஸ்' வென்ற ஒரே ஆஸ்கர் எதற்கு? ஒளிப்பதிவுக்கு! வாங்கியவர் ஃபிரெடி ஃபிரான்சிஸ்.

சாளரம்:
இருவரும் கார்டிஃபை மேதை என்றே பேசுகிறீர்கள். 'பிளாக் நார்சிசஸ்' கதை இமயமலையில் நடந்தாலும் அங்கே எடுத்த படமே அல்ல. பெரும்பகுதி லண்டன் அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் எடுத்தது. பனிமலையும் பள்ளத்தாக்கும் ஓவியர்களின் கைவண்ணம். கலை இயக்குநர் ஆல்ஃபிரட் யுங்கேவும் அதற்கு ஆஸ்கர் வாங்கினார். கார்டிஃப் என்ன செய்தார்?

ஒளித்துளி:
வரைந்த மலைமேல் விடியலைக் கொண்டுவந்தது யார்? வண்ணப்படம் எடுக்கும் அக்கால டெக்னிகலர் கேமராவில் மூன்று படச்சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடும். எவ்வளவு ஒளி கொடுத்தாலும் அதற்குப் பசி அடங்காது. அதனால் முகம், சுவர், மூலை என்று பாராமல் வெளிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். கார்டிஃப் நிழலை நிழலாகவே விட்டார். நாடக மேடைப் பெற்றோருடன் ஊர் ஊராகச் சுற்றியதில் பள்ளிக்கூடம் சரியாக வாய்க்கவில்லை. வெர்மீர் ஓவியங்களில் சன்னல் வழி விழும் ஒளிதான் அவருக்குப் பாடம். 'ஏ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' (1946) கடற்கரைக் காட்சியில் லென்ஸின்மேல் வாயால் ஊதினார். ஆவி விலக விலகக் காட்சி தெளிந்தது. அந்த மூச்சும் ஓவியருடையதா?

சாளரம்:
லென்ஸ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கண்தான் 1985இல் 'ராம்போ' இரண்டாம் பாகத்தையும் எடுத்தது.

பழையசுருள்:
எழுபதை ஒட்டிய வயதில், மெக்சிகோ வெயிலில்! வேலை வந்தது, செய்தார். 2001இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தவர்களுக்கு ராம்போ தெரியாதா என்ன? ஒளித்துளி, உங்களிடம் ஒரு கேள்வி. ஃபிரான்சிஸும் 1960களில் இயக்கப் போனவர்தான். திகில் படங்களாக எடுத்துத் தள்ளினார். 1980இல் 'தி எலிஃபன்ட் மேன்' மூலம் ஒளிப்பதிவுக்குத் திரும்பினார். பிறகு 'குளோரி'க்கு இரண்டாவது ஆஸ்கர். நடுவில் போன காலத்தை அவருக்கும் வீண் என்பீர்களா?

ஒளித்துளி:
அந்தத் திகில் படங்களில் நான்கைப் பார்த்திருக்கிறேன். என்பேன்.