அந்நஹ்ழா கட்சி ஸலபிகளிடம் இவ்வளவு பொறுமை காட்டியது ஏன்?

மாலைவாசகர் (கேள்வி):
துனீசியாவில் 2011 அக்டோபர் தேர்தலில் 217 இடங்களில் 89 இடங்களைப் பெற்று ஆட்சிக்குத் தலைமை ஏற்ற இஸ்லாமியவாதக் கட்சியான அந்நஹ்ழா, மக்களாட்சியையே ஏற்காத ஸலபி (தொடக்ககால இஸ்லாமிய வழிக்கே திரும்ப வேண்டும் என்னும் கடும்போக்குப் பிரிவு) இயக்கமான அன்சார் அல் ஷரீஆவைப் பயங்கரவாத அமைப்பாக அறிவிக்க 2013 ஆகஸ்ட் வரை காலம் தாழ்த்தியது. இதற்குக் காரணம் கொள்கை நெருக்கமா, வாக்குக் கணக்கா?

வடகரை:
இரண்டும் உண்டு, ஆனால் சிறை நினைவே பெரிய காரணம் என்பது என் கருத்து. 2011 புரட்சியில் வீழ்ந்த அதிபர் பென் அலியின் ஆட்சியில் பல்லாயிரம் அந்நஹ்ழாவினர் சிறையில் வதைபட்டார்கள். அதே காவல்துறையை ஏவி, தாடி வைத்த இளைஞர்களை வேட்டையாட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஸலபி இளைஞர்களைப் பார்க்கும்போது தம் இளமைக்காலம் நினைவுக்கு வருவதாகக் கட்சித் தலைவர் ராஷித் கன்னூஷியே சொல்லியிருக்கிறார். பேசிப் பழகினால் அவர்கள் மாறுவார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதே சமயம், 2012 மார்ச்சில் அரசியலமைப்பில் ஷரீஅத்தைச் சேர்க்கப்போவதில்லை என்று அந்நஹ்ழா அறிவித்ததையும் மறக்கக் கூடாது. ஸலபிகள் அதைத் துரோகமாகவே பார்த்தார்கள்.

செங்கதிர்:
வடகரை சொல்லும் சிறை நினைவு 2012 செப்டம்பர் வரை பொருந்தலாம். அம்மாதம் 14 ஆம் தேதி துனிஸ் நகரில் அமெரிக்கத் தூதரகம் தாக்கப்பட்ட பிறகும் தயங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த மாதம் வெளியான காணொளியில், படையும் காவல்துறையும் இன்னும் நம்பத்தக்க நிலையில் இல்லை, பொறுத்திருங்கள் என்ற பொருளில் கன்னூஷி ஸலபிகளிடம் பேசியிருந்தார். சமாதானப்படுத்தும் பேச்சு என்று கட்சி விளக்கினாலும், மதச்சார்பற்ற தரப்பினர் அதன்பின் அந்நஹ்ழாவின் சொல்லை நம்பவில்லை. மதச்சார்பற்ற எதிர்க்கட்சித் தலைவர்களான சுக்ரி பெலாயிதும் முகம்மது பிராஹ்மியும் முறையே 2013 பிப்ரவரியிலும் ஜூலையிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு உயிர்கள் போன பின்னரே தடை வந்தது.

நைல்கரை:
கொள்கை நெருக்கம் நட்பாக முடியும் என்று கருதுவோர் எகிப்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஸலபிகளின் நூர் கட்சி 2012 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், அந்நஹ்ழாவைப் போன்ற இஸ்லாமியவாத அமைப்பான முஸ்லிம் சகோதரத்துவத்தின் வேட்பாளர் முர்சியை ஆதரிக்கவில்லை. 2013 ஜூலை 3 அன்று அதிபராகியிருந்த அவரது பதவி நீக்கத்தைப் படைத்தலைவர் சிசி அறிவித்தபோது அக்கட்சியின் பொதுச்செயலாளர் மேடையிலேயே இருந்தார். ஒரே வாக்காளர்களைக் குறிவைக்கும் கட்சிகளிடையே பகை எளிதில் முளைக்கிறது. துனீசியாவில் நூர் அளவுக்கு வலுவான ஸலபிக் கட்சி எதுவும் உருவாகவில்லை. ஆகவே அந்நஹ்ழாவுக்கு எதிரே தேர்தலில் போட்டியிட்டு, பேரம் பேசி, உடன்பாடு காணக்கூடிய ஸலபித் தரப்பு இல்லை. தெருவில் திரண்ட, தேர்தலையே மறுத்த இளைஞர்கள்தான் இருந்தார்கள்.