மூன்று அந்தூரியம் போன பிறகு பூத்த நான்காவது

ஸ்ரீரங்கம்

2019 தை மாதம் ஒரு நர்சரியில் 250 ரூபாய் கொடுத்து முதல் அந்தூரியத்தை வாங்கினேன். இரண்டு சிவப்புப் பூக்கள், மெழுகு பூசியது போல ஒரு மினுமினுப்பு. "நிழல்ல வைங்க, வெயில் ஆகவே ஆகாது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். நிழல்தானே என்று கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். பூ இரண்டும் ஒன்றரை மாதம் நின்றன, அப்புறம் பச்சையாகி வாடின. அதோடு சரி. அடுத்த ஒரு வருடம் பூவே கிடையாது. இலைக்காம்பு மட்டும் ஜன்னலைத் தேடி நீண்டுகொண்டே போனது, இலை கரும்பச்சையாகப் பளபளத்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் செடி நன்றாக இருக்கிறதே என்றார்கள். செடி வெளிச்சம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது புரியவில்லை. கடைசியில் தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அழுக வைத்தேன்.

இரண்டாவதை கிழக்குப் பார்த்த பால்கனியில் வைத்தேன், சித்திரை மாதம். காலை வெயில் இதமானதுதானே என்று நினைத்தேன். திருச்சியில் சித்திரை மாதக் காலை வெயில் எட்டரை மணிக்கே எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டே நாளில் இலை நடுவில் காகிதம் போல வெளுத்துக் கருகிவிட்டது.

மூன்றாவதுக்கு இடம் சரியாகத்தான் அமைந்தது, வடக்குப் பக்கம் சன்ஷேடுக்கு அடியில். ஆனால் ரோஜாவுக்குப் போடுகிற கலவையையே போட்டேன், செம்மண், மணல், மட்கிய சாணம். ஐப்பசி மழையில் ஒரு வாரம் தொட்டி ஈரமாகவே இருந்தது. அடி இலைகள் மஞ்சளாகி விழுந்த பிறகு கவிழ்த்துப் பார்த்தால் வேர் எல்லாம் பழுப்பாகி, இழுத்தால் தோல் தனியாக உரிந்து வந்தது, ஒரே புளித்த நாற்றம். அன்றைக்கு ரொம்ப நேரம் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அடுத்த வருடம் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். நாங்கள் தங்கின வீடு ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இருந்தது, சில்வர் ஓக் மர நிழல், அந்த வீட்டுத் திண்ணையில் முப்பது தொட்டி அந்தூரியம் இருக்கும், சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, எல்லாவற்றிலும் பூ. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஒரு தொட்டியைச் சாய்த்துக் காட்டினார். ஒரு பிடி மண் இல்லை. தேங்காய் மட்டையை விரல் அளவு நறுக்கியது, அடுப்புக் கரி, உடைந்த ஓட்டுச்சில். அவ்வளவுதான். "இது மண்ணுல புதைஞ்சு வளர்ற சாதி இல்லம்மா, காட்டுல மரத்து மேலயும் மக்குன இலை மேலயும் வேர ஓட்டிக்கிட்டு நிக்கிற சாதி. வேருக்குக் காத்து வேணும். நீங்க மண்ணப் போட்டு மூச்சை அடைச்சிருப்பீங்க" என்றார். என் மூன்று செடியையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் போல் சொன்னார்!

திரும்பி வந்து படித்துப் பார்த்தேன். தென் அமெரிக்காவில் கொலம்பியா, ஈக்குவடார் பக்கத்து மழைக்காடுகளில் வளர்கிற செடி இது. 1876இல் எதுவார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர் கொலம்பியாவில் இதை எடுத்தார், அவர் பெயரால்தான் ஆந்த்ரேயானம் என்று சொல்கிறார்கள். நம் ஊர் சேம்பு, சேனை, கருணை எல்லாம் இதற்குச் சொந்தம்! நாம் பூ என்று சொல்கிற அந்தச் சிவப்பு உண்மையில் பூ இல்லை, தென்னம்பாளை மாதிரி ஒரு பாளை. நடுவில் வால் போல நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் மேல் புள்ளி புள்ளியாக இருப்பவைதான் பூக்கள்.

நான்காவது செடியை 2022 ஆடியில் வாங்கினேன். வந்த அன்றைக்கே நர்சரிக் கலவையை மெதுவாக உதறிவிட்டு, மட்டைத்துண்டு, கரி, ஓட்டுச்சில்லோடு கொஞ்சம் மண்புழு உரமும் சேர்த்து வைத்தேன். மட்டையை மூன்று நாள் ஊறப்போட்டு, தினம் தண்ணீரை மாற்றி, சாயம் போன பிறகுதான் போட வேண்டும், இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். இடம் வடக்குச் சன்ஷேடுதான், முன்னால் 75 சதவீத நிழல்வலை. வெளிச்சம் போதுமா என்று பார்க்க நான் செய்வது இது: மதியம் பன்னிரண்டு மணிக்கு இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுவேன். கையின் நிழல் மங்கலாக விழுந்தால் சரி. விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழவில்லை என்றால் அது இருட்டு, அங்கே இலை வரும், பூ வராது.

கார்த்திகையில் முதல் மொட்டு வந்தது. இலைக் காம்பு தொடங்குகிற இடத்தில், பென்சில் முனை அளவு. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு இலைக்கும் ஒரு பூ என்பதுதான் இதன் கணக்கு, அதனால் இலை வந்தால்தான் பூ, அவசரப்பட்டு இலையைக் கழிக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில், கத்திரி வெயில் நாளில்தான் கஷ்டம், அப்போது சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, தரையில் மூன்று வேளை தண்ணீர் தெளிப்பேன், உரம் அந்த இரண்டு மாதமும் கிடையாது. மற்ற மாதங்களில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரைகிற உரம்) ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை.

உங்கள் வீட்டு அந்தூரியத்துக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். செத்துப்போன கதையாக இருந்தாலும் எழுதுங்கள்.

கோவை

அக்கா, எங்களுக்கு இடம், கலவை இரண்டும் நீங்கள் சொல்கிற மாதிரியேதான், ஆனாலும் இலை நுனி எல்லாம் பழுப்பாகிக் காய்ந்துகொண்டே வந்தது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன், பூஞ்சை என்று நினைத்து அதற்கும் மருந்து அடித்தேன், ஆறு மாதம் இப்படியே போனது. அப்புறம் ஒரு நாள் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் போர் தண்ணீர் கடும் உப்பு, குழாய் வாய் எல்லாம் அப்படித்தான் படியும். இந்தச் செடிக்கு உப்பு கொஞ்சமும் ஆகாது.

அதற்கு நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஆர்ஓ மெஷினில் வெளியே போகிற தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று பிடித்து ஊற்றினேன். போரில் இருக்கிற உப்பெல்லாம் அதில்தானே கூடுதலாகச் சேர்ந்து வெளியே வருகிறது! பத்தே நாளில் புது இலை விரியும்போதே ஓரம் சுருங்கி வந்தது. இப்போது மொட்டை மாடி மழைநீரை இரண்டு டிரம்மில் பிடித்து, மூடிவைத்து, அதைத்தான் ஊற்றுகிறேன். அது தீர்ந்தால் சிறுவாணித் தண்ணீர். மாதம் ஒரு தடவை தொட்டியின் அடி ஓட்டையில் தண்ணீர் நன்றாக ஓடும் வரை ஊற்றிக் கழுவி விடுகிறேன். நான்கு மாதத்தில் வந்த இலைகள் ஓரம் சுத்தமாக இருக்கின்றன, பழைய இலையின் காயம் ஆறாது, அது அப்படியேதான் இருக்கும்.

நாகர்கோவில்

சின்ன விஷயம்தான், ஆனால் குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது, தரையில் இருந்த தொட்டியில் இலையைக் கடித்துவிட்டாள். உடனே உதடு வீங்கி, எச்சில் வழிந்து, ஒரே அழுகை. வாயைக் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடினோம், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. அக்கா சேம்பு குடும்பம் என்று எழுதியதைப் படித்ததும்தான் எனக்குப் பொருந்தியது, சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிக்குமே, அதே ஊசி ஊசியான உப்புத்தான் இதிலும். இப்போது எல்லாத் தொட்டியும் இடுப்பு உயரத்துக்கு மேலே.

கண்டி

எங்கட அம்மாவுக்கு அந்தூரியம் என்றால் உயிர். வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தின் கீழ் இருபது பூச்சாடி வைத்திருந்தா. எங்கட ஊரில் வெயிலும் கடுமை இல்லை, மழையும் குறைவில்லை, பொச்சுமட்டையும் ஓட்டுத்துண்டும் போட்டால் தானாகவே வளரும். அம்மா பின்னேரத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஒவ்வொரு சாடியோடும் கதைத்துக்கொண்டே பழுத்த இலையை வெட்டுவா.

ஒரு மாரிகாலம் ஒரு கன்றின் இலை ஓரத்தில் தண்ணீர் ஊறினது போலப் புள்ளிகள் வந்தன, சுற்றி மஞ்சள் வளையம். அம்மா அந்த இலையை வெட்டி எறிந்துவிட்டு, அதே கத்தரிக்கோலால் மற்றக் கன்றுகளையும் வெட்டினா. இரண்டு மாதத்தில் பதினான்கு சாடி போய்விட்டது. தண்டு கறுத்து, குருத்து கையோடு வந்தது. அது பக்டீரியா நோய் என்று பிறகுதான் விளங்கியது. இலை ஓரத்தில் காலையில் தண்ணீர்த் துளி நிற்குமே, அந்தச் சின்னத் துவாரங்களால்தான் உள்ளே போகுமாம். 1980களில் ஹவாயில் இதே நோயால் எத்தனையோ அந்தூரியத் தோட்டங்கள் அழிந்திருக்கின்றன. மருந்து அடித்துப் பிரயோசனம் இல்லை, வந்த கன்றைச் சாடியோடு அகற்றி எரிப்பதுதான்.

மிஞ்சின ஆறையும் தள்ளித் தள்ளி வைத்தோம். இலையில் தண்ணீர் படாமல் அடியில் மட்டும் ஊற்றினோம், ஒவ்வொரு கன்றுக்கும் பிறகு கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்தோம். அம்மா இப்போது இல்லை. அந்த ஆறில் இருந்து பக்கக் கன்று பிரித்துப் பிரித்து, இன்றைக்கு என்னிடம் பதினேழு இருக்கிறது.

ஸ்ரீரங்கம்

கண்டியிலிருந்து எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை. நானும் ஒரே கத்தரியால்தான் எல்லாவற்றையும் வெட்டுகிறேன். காலையில் முதல் வேலையாக மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்து வைத்துவிட்டேன். அம்மாவின் கன்றுகளில் ஒன்று பூக்கும்போது எழுதுங்கள், எந்த நிறம் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இதில் பெண் பகுதி முதலில் தயாராகும், வாலின் மேல் பசை போல ஈரம் மினுங்கும். மகரந்தம் அதற்குச் சில வாரம் கழித்துத்தான் வரும், அதனால் ஒரு பூ தன்னாலேயே காய்ப்பது அரிது. தை மாதம் வெள்ளைச் செடியில் மகரந்தம் உதிர்ந்த நேரமும் சிவப்புச் செடியில் ஈரம் மினுங்கிய நேரமும் ஒன்றாக அமைந்தது, ஒரு சின்னத் தூரிகையால் எடுத்துத் தடவி விட்டேன். இப்போது ஏழு மாதம் ஆகிறது. அந்த வால் தடித்து, நேற்று இரண்டு பழங்கள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கின்றன, மணத்தக்காளியை விடச் சின்னது, மஞ்சள் நிறம். இந்த விதையைக் காயவைத்து எடுத்துவைக்க முடியாது, உடனே போட வேண்டும். கழுவின தென்னை நாரை ஒரு அகலத் தட்டில் ஈரமாகப் பரப்பி வைத்திருக்கிறேன். முளைத்துப் பூக்க மூன்று வருடம் ஆகும். சிவப்பா, வெள்ளையா, இரண்டுக்கும் நடுவிலா என்று அப்போதுதான் தெரியும்.