அம்மாவின் தோல் படை: கோலாலம்பூரில் தோல் நிபுணர் தேவை

வணக்கம். செந்தூலில் இருக்கிறோம். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, இனிப்புநீரும் உண்டு. தீபாவளிக்குப் பிறகு முழங்கையிலும் காலிலும் அரிப்பு, படை. கிளினிக்கில் கொடுத்த களிம்பைப் பூசினால் அடங்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். சோப்பை மாற்றினோம், இறால், கருவாடு நிறுத்தினோம், பலனில்லை.

பிறகு ஹோமியோபதி, சல்ஃபர் 30சி உருண்டைகள். இப்போது படை கழுத்துவரை ஏறிவிட்டது, இரவில் தூக்கமே இல்லை. 'முதலில் கூடித்தான் குறையும்' என்கிறார் கொடுத்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. 30சி என்பது நூறில் ஒரு பங்காக 30 முறை கரைத்தது. மூலப்பொருளின் ஓர் அணுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. நோய்தான் முற்றுகிறது என்று பயப்படுகிறேன். இனிப்புநீர் மாத்திரையை மட்டும் விடாமல் கொடுக்கிறோம்.

அரசாங்க மருத்துவமனையில் தவணை பல மாதம் தள்ளிக் கிடைத்திருக்கிறது. அதற்குள் அம்மாவைப் பார்க்கக்கூடிய, தமிழில் பேசும் தோல் நிபுணர் கோலாலம்பூரில் யாராவது உங்களுக்குத் தெரியுமா?