பாட் கண்ட்ரோல்: ‘குவைமட்டு’ என்னும் சொல்லை முன்வைத்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போக்கர் சீட்டாட்டக் கலைச்சொல் வரிசையில், மேசை நடுவில் சேரும் பந்தயச் சில்லுகளின் மொத்தம் (பாட்) மிகப் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியான ‘பாட் கண்ட்ரோல்’ என்பதற்கு இதுவரை வந்துள்ள பரிந்துரைகள் மூன்று: பானைக் கட்டுப்பாடு, தொகைக் கட்டுப்பாடு, குவையடக்கம். முதலாவதை எளிதில் விலக்கிவிடலாம். மேசை நடுவில் சேரும் பந்தயச் சில்லுகளைத் தமிழில் எவரும் பானை என்று எண்ணுவதில்லை. இரண்டாவதில் பொருள் மயக்கம் உண்டு. ஒரு போட்டியில் நுழைவுத் தொகை, பரிசுத் தொகை என ஏற்கெனவே பல தொகைகள் இருப்பதால், ‘தொகைக் கட்டுப்பாடு’ என்று படிப்பவர், ஒருவர் தம் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதைப் பற்றிய சொல் என்றே கொள்வார்.

மூன்றாவதில் ‘குவை’ என்ற பகுதியை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். குவிந்து கிடப்பது குவை. ஒவ்வொரு பந்தயமும் வந்து விழ விழக் கூடுவது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. மெயின் பாட், சைட் பாட் (ஒருவரின் சில்லுகள் தீர்ந்தபின் மற்றவர்கள் தமக்குள் தனியே சேர்ப்பது) ஆகியவற்றை முதன்மைக் குவை, பக்கக் குவை என்று இடர்ப்பாடின்றி நீட்டிக்கொள்ளவும் முடியும். என் தயக்கமெல்லாம் ‘அடக்கம்’ பற்றியது. ‘செலவும் இதில் அடக்கம்’ என்னும் பொருளும், ‘நல்லடக்கம்’ என்னும் பொருளும் குறுக்கிடுவது ஒரு புறம் இருக்கட்டும். அடக்குவது என்றால் மேலெழுவதை அமுக்குவது. அச்சத்தால் பின்வாங்குபவரும் அதைத்தான் செய்கிறார். இந்த உத்தியோ முன்கூட்டிய கணக்கிலிருந்து பிறப்பது. சொல் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

கணக்கைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லாத நோ லிமிட் ஹோல்டெம் ஆட்டத்தில், பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இடத்தில்) இருப்பவர் 2.25 பிக் பிளைண்டுக்கு உயர்த்துகிறார். பிக் பிளைண்ட் என்பது சீட்டுகளைப் பார்க்கும் முன்பே ஒருவர் இட்டாக வேண்டிய பந்தயம்; இங்கே அதையே அளவையாகக் கொள்கிறேன். அதில் பாதியைக் கட்டாயமாக இட்டிருந்த ஸ்மால் பிளைண்ட் விலக, பிக் பிளைண்டில் இருப்பவர் கால் செய்கிறார் (அதே அளவுக்கு ஈடாக இடுகிறார்). ஆன்ட்டிகள் (ஆட்டம் தொடங்கும் முன் கட்டாயமாக இடும் சிறு சில்லுகள்) மொத்தம் ஒரு பிக் பிளைண்ட் என்று கொண்டால், ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விழும்போது குவை சரியாக 6 பிக் பிளைண்ட். இனி ஃப்ளாப், டர்ன் (நான்காம் பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவதும் கடைசியுமான சீட்டு) என்னும் மூன்று சுற்றிலும் பாதிக் குவை அளவுக்குப் பந்தயம் வைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் கால் செய்யப்பட்டால், குவை 12, 24, 48 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஃப்ளாப்புக்குப் பின் ஒருவர் இடும் சில்லுகள் 3, 6, 12 ஆக மொத்தம் 21. இடையில் டர்னை மட்டும் செக் செய்துவிட்டால் (பந்தயம் வைக்காமல் விட்டுவிட்டால்) குவை 24-இல் நின்றுவிடும். அவர் இடுவது 9 மட்டுமே. முழுக் குவைப் பந்தயமாக இருந்தாலோ ஒவ்வொரு சுற்றிலும் மும்மடங்காகி, 6 என்பது 18, 54, 162 என்று ஏறும். ஆகவே எந்தச் சுற்றை விடுவது, எவ்வளவு வைப்பது என்பதை ஃப்ளாப்பிலேயே நினைத்துப் பார்த்தாக வேண்டும். ரிவருக்கு வந்து சேர்ந்தபின் அளவைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயன் இல்லை.

ஆன்ட்டி போக 30 பிக் பிளைண்ட் கையிருப்புடன் தொடங்கியவருக்கு ஃப்ளாப்பில் 27.75 மிஞ்சியிருக்கும். மூன்று அரைக்குவைப் பந்தயங்களுக்குப் பின் 6.75-தான் எஞ்சும் என்பதால், அவர் பெரும்பாலும் முழுக் கையிருப்பையும் அந்த ஒரு கைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பொருள். இப்போது அவர் கையில் ராஜாவும் பத்தும் இருந்து, ஃப்ளாப்பில் ராஜா, ஏழு, இரண்டு எனச் சீட்டுகள் வெவ்வேறு இனங்களில் விழுந்ததாகக் கொள்வோம். இது நல்ல கைதான். ஏழு ஜோடியும் மெலிந்த கிக்கர் (ஜோடிக்குத் துணையான சீட்டு) கொண்ட ராஜாவும் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ கால் செய்யும். ஆனால் மூன்று சுற்றும் கால் செய்யும் கைகளை எண்ணிப் பார்த்தால், ராஜா ராணி, ராஜா ஜாக், இரண்டு ஜோடி, மூவொத்த கை எனத் தம்மை வெல்பவையே மிகுதியாக இருக்கும். இத்தகைய கையை ‘இடைவலுக் கை’ என்று அழைக்கலாம் என்பது என் துணைப் பரிந்துரை. எதிராளி பந்தயம் வைத்தால் எதிர்கொள்ளத் தக்கது, பெருங்குவையைத் தாங்கத் தகாதது என்பதே அதன் இலக்கணம். டர்னில் செக் செய்வதால் இன்னொரு பயனும் கிட்டுகிறது: எதிராளி அதை மெலிவு என்று நினைத்து ரிவரில் வெறுங்கையோடு ப்ளஃப் செய்யக்கூடும் (வலுவிருப்பதாகக் காட்டிப் பந்தயம் வைக்கக்கூடும்). அவர் 12 உள்ள குவையில் 6 வைத்தால், 24 ஆகப் போகும் குவைக்கு நாம் 6 இடுகிறோம். நான்கில் ஒரு முறை வென்றாலே கால் செய்தது ஈடாகிவிடும்.

போட்டி ஆட்டத்தில் இந்த உத்தி, சில்லுகள் நேரடியாகப் பணமாகும் கேஷ் ஆட்டத்தைவிட முதன்மை பெறுவதன் காரணத்தையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். சமமான சில்லுகளுடன் மூவர் எஞ்சியிருக்கிறார்கள், பரிசு 50, 30, 20 விழுக்காடாகப் பிரிகிறது என்று கொண்டால், சில்லுகளின் அளவைப் பரிசுப் பணத்தின் பங்காக மாற்றும் ஐசிஎம் கணக்கின்படி ஒவ்வொருவரின் பங்கு மதிப்பும் 33.3 விழுக்காடு. ஒருவரை வீழ்த்திச் சில்லுகளை இரட்டித்தவரின் மதிப்பு 66.6 ஆவதில்லை, 43.3 மட்டுமே ஆகிறது. தோற்று வெளியேறினாலோ 20-தான். அதாவது 10 விழுக்காட்டைப் பெறுவதற்காக 13.3 விழுக்காட்டைப் பணயம் வைக்கிறார். சமச் சில்லுகளை மோதவிடும் அந்த மோதலில் ஏறத்தாழ 57 விழுக்காடு வெற்றி வாய்ப்பு இருந்தால்தான் அது தகும். இழக்கும் சில்லு, பெறும் சில்லைவிட விலை மிக்கது என்னும் இந்த உண்மையே இடைவலுக் கையுடன் குவையைப் பெருக்கத் தயங்கச் செய்கிறது. இணையப் போட்டிகளில் பிளைண்ட் மட்டங்கள் விரைந்து ஏறிக் கையிருப்பு சுருங்கிவிடுவதால், இரண்டு பந்தயங்களிலேயே மீள முடியாத நிலை வந்துவிடுகிறது. அரைக் குவை, முழுக் குவை என்று திரையில் ஆயத்தமாக இருக்கும் பொத்தான்களைப் பல மேசைகளுக்கு நடுவே யோசியாமல் அழுத்தும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

இனி, நண்பர் ஒருவர் சென்ற மடலில் எழுப்பிய ஐயம்: செக் செய்வதெல்லாம் இந்த உத்தியில் சேருமா? சேராது. மேலே சொன்ன பலகையில் (பொதுச் சீட்டுகளில்) ஏழு ஜோடி வைத்திருப்பவர் ஒரு சீட்டில் மீண்டுவர ஐந்து சீட்டுகளே உண்டு; வாய்ப்பு ஏறத்தாழ 11 விழுக்காடு என்பதால், செக் செய்வதில் இடர் குறைவு. அதுவே ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்) வாய்ப்புள்ள பலகையாக இருந்தால் ஒன்பது சீட்டுகள், ஏறத்தாழ 20 விழுக்காடு. அங்கே டர்னை விடுவது எதிராளிக்கு அடுத்த சீட்டை விலையின்றித் தருவதாகும். குவை சிறுத்தாலும் நட்டம் நமக்கே. முதலில் பேச வேண்டிய இடத்தில் இருப்பவருக்கும் இது முழுமையாகக் கைகூடாது. அவர் செக் செய்தபின் பந்தயம் வைக்கும் உரிமை எதிராளியிடம் போய்விடுகிறது. மேலும், இடைவலுக் கைகளை மட்டுமே டர்னில் செக் செய்பவரை ஊன்றி நோக்கும் எதிராளி விரைவில் படித்துவிடுவார் என்பதால், வலிய கைகளில் சிலவற்றையும் அவ்வாறே ஆட வேண்டியிருக்கிறது. அவ்வாறு ஆடுவது மறைப்பு உத்தி. குவை சிறுத்தாலும் அதை இந்தச் சொல்லுக்குள் கொண்டுவரக் கூடாது.

இவ்வளவையும் கருதித்தான் ‘குவைமட்டு’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். ‘மட்டு’ என்றால் அளவு, எல்லை. ‘மட்டுக்கட்டுதல்’ என்றால் உத்தேசமாக அளந்து மதிப்பிடுதல். எங்கே போய் முடியும் என்று முன்பே மதிப்பிடுவதும், அதற்கு ஓர் எல்லை வைப்பதும் ஆகிய இரண்டு செயல்களும் ஒரே வேரில் கிடைக்கின்றன. வினையாக ஆளும்போது ‘குவையை மட்டுக்கட்டு’ என்று பிரித்து எழுதலாம்: ‘டர்னில் செக் செய்து குவையை மட்டுக்கட்டினார்’ என்னும் தொடர் படிப்பவருக்கு உறுத்தாது. ‘மட்டுறுத்தல்’ என்ற வடிவத்தையும் எண்ணிப் பார்த்தேன். மடல்களைச் சரிபார்த்து வெளியிடும் பணிக்கு அது இணையத்தில் நிலைபெற்றுவிட்டதால் தவிர்த்தேன். ‘மட்டமான’ என்பதன் சாயல் படியுமோ என்ற அச்சம் எனக்கு இல்லை. ‘மட்டற்ற மகிழ்ச்சி’ என்று நாள்தோறும் எழுதும் நமக்கு ‘மட்டு’ அளவைத்தான் நினைவூட்டும்.

பட்டியலுக்கான விளக்கத்தை இவ்வாறு எழுதலாம்: ‘குவைமட்டு: இடைவலுக் கையுடன் ஆடுபவர், இறுதிச் சுற்றில் குவை எட்டக்கூடிய அளவை முன்னரே மதிப்பிட்டு, ஒரு சுற்றில் செக் செய்தோ சிறு பந்தயம் வைத்தோ அதனைத் தம் கையின் வலுவுக்குத் தக்க அளவில் நிறுத்தும் உத்தி.’ ‘சிறு பந்தயம்’ என்பதை விளக்கத்தில் வைப்பதா, தடுப்புப் பந்தயம் என்று தனிப் பதிவாக்குவதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவு ஏற்படவில்லை. முதலில் பேசும் இடத்திலிருந்து ரிவரில் வைக்கப்படும் சிறு பந்தயம், எதிராளியின் பெரும் பந்தயத்தைத் தவிர்க்கவே வைக்கப்படுகிறது என்பதால் தனிப் பதிவு தகும் என்று தோன்றுகிறது. இதைப் பற்றி நண்பர்கள் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்