பிரியஸ் பி0ஏ80: பற்றரியைப் பெட்டியோட மாத்தவா, திறந்து பாக்கவா?

கல்லடிக்காரன்:
2011 டொயோட்டா பிரியஸ், பெற்றோலிலயும் பற்றரியிலயும் ஓடுற ஹைபிரிட் கார். களுவாஞ்சிக்குடி தாண்டேக்க சிவப்பு முக்கோணம் பத்திச்சு. ஸ்கான் பண்ணினா பி0ஏ80 எண்ட பிழைக் கோட், கூடவே பி3014. முதலாவதுக்கு ஸ்கானர்ல வாற விளக்கமே "ஹைபிரிட் பற்றரியை மாத்து" எண்டுதான். கராச்சில அதைக் காட்டி முழுசா மாத்தச் சொல்றாங்க. வேற வழி இருக்கா?

கராச் காக்கா (அக்கரைப்பற்று):
கொம்பனியே மாத்து எண்டு எழுதி வெச்சிருக்கு. இதில என்ன ஆராய்ச்சி தம்பி? பற்றரிக்கும் வயசு போயிட்டு.

வயர்மேன்:
காக்கா, அந்தப் பெட்டிக்குள்ள 28 மொடியூல், அதாவது செல்கள் சேந்த சின்னப் பற்றரிகள். சோடி சோடியா 14 புளொக். கொம்பியூட்டர் புளொக் புளொக்காத்தான் வோல்ற்றேஜ் அளக்குது. ஒண்டுக்கொண்டு வித்தியாசம் கூடினா பி0ஏ80 போடும். மொடியூல் செத்ததாலயா, மொடியூல்களை இணைக்கிற செம்புத் தகட்டில பச்சை பிடிச்சதாலயா எண்டு அதுக்கு எப்படித் தெரியும்? கல்லடியில உப்புக் காத்து குடிச்ச வண்டி இது. தகட்டைப் பாக்காம விலை பேசாதீங்க.

மருதமுனை ஹயர்:
அந்தப் பிழைக் கோட் ரெண்டையும் அழிச்சிட்டு ஓடுங்கப்பா. எனக்கு மாசக்கணக்கா ஓடிச்சு.

வயர்மேன்:
அழிச்சா கோட் விழுந்த நேரம் பதிஞ்ச வேகம், சூடு, வோல்ற்றேஜ் எல்லாம் சேந்து அழியும். பிறகு எதை வெச்சுத் தேடுறது? முதல்ல அதைப் படம் எடுத்து வைங்க. பின் சீற்றுக்குப் பக்கத்தில காத்து இழுக்கிற வாயையும் பாருங்க. கச்சான் காத்துக் காலத்தில தூசி ஃபேனில அப்பிக் கிடக்கும். பற்றரி குளிர்றது கபின் காத்தில. ஏசி போடாம, அந்த வாயில பேக்கை அடுக்கி ஓடினா நடுவில இருக்கிற மொடியூல்தான் முதல்ல வேகும்.

கராச் காக்கா:
தகடும் துடைச்சிருக்கன், ஃபேனும் கழுவியிருக்கன். மொடியூல் ஒண்டை மாத்திக் குடுத்தா ஆறு மாசத்தில பக்கத்து மொடியூல் விழும். எல்லாம் ஒரே வயசுதானே. அப்ப கஸ்டமர் பிடிக்கிறது உங்கட கழுத்தை இல்ல, என்ட கழுத்தை. பெட்டியோட மாத்தினா வொறன்டி குடுக்கலாம். இதை எழுதுறவங்க யாரும் யோசிக்கிறேல்ல.

வயர்மேன்:
நீங்க சொல்றது நியாயம். ஆனா பி3014 எண்டா 4ஆவது புளொக் மெலிவு. இடத்தையே காட்டியிருக்கு. அளந்து பாக்க என்ன தடை?

கல்லடிக்காரன்:
போன் அப்பில பாத்தன். மத்தப் புளொக் எல்லாம் 15.2 வோல்ற் கிட்ட. 4ஆவது மட்டும் 13.9.

வயர்மேன்:
தகட்டுக் கோளாறெண்டா ஏறி மிதிக்கேக்கதான் வித்தியாசம் விரியும், நிண்டா சுருங்கும். நிக்கிற நேரம் எவ்வளவு?

கல்லடிக்காரன்:
நிக்கேக்க எடுத்ததுதான் அது.

கராச் காக்கா:
அப்ப தகடு இல்ல. ஒரு செல் 1.2 வோல்ற், குறையிறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மொடியூலுக்குள்ள ஒரு செல்தான் போயிருக்கு. மொடியூல் மாத்துறதெண்டா மாத்துங்க தம்பி, ஆனா மிச்சத்தையும் சோதிக்காம மூடினா நான் சொன்னதுதான் நடக்கும். ஹெட்லைற் பல்ப் ஒண்டை மொடியூல் மொடியூலாக் கொழுவி, ரெண்டு நிமிசத்தில எது கூட இறங்குது எண்டு எழுதுங்க. போடுற மொடியூலும் மத்ததுகளோட ஒத்து நிக்கவேணும், புத்தம் புதுசு வேணாம்.

வயர்மேன்:
திறக்கமுதல் பற்றரி மின்சாரத்தைத் துண்டிக்கிற சேவிஸ் பிளக்கைக் கழற்றிப் பொக்கற்றில போட்டுட்டு 10 நிமிசம் நில்லுங்க. உள்ள 200 வோல்ற்றுக்கு மேல, டீசி. சாதாரண ரப்பர் கிளவுஸ் காணாது.

மருதமுனை ஹயர்:
காக்கா, என்ட வண்டியையும் கொண்டு வரவா?